ஈரச் சாக்கு

கோபம் வந்தால் சிலருக்கு அழுகை வரும், சிலருக்குக் கை நீளும். தில்லையம்மாளுக்குப் பசி வரும். புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு திருத்தணிப் பக்கம் போய்விட்டான் என்று சேதி வந்த அன்றைக்குக்கூட அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒரு சட்டி கூழைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் மாமியாரைக் கேட்கப் போனாள். பார்த்தவர்கள் வாயில் விரலை வைத்தார்கள். வைக்கட்டுமே. வெறும் வயிற்றோடு யாராலாவது முழுசாகச் சண்டை போட முடியுமா?

அண்ணன் வீட்டில் அன்றைக்குக் காலையிலும் பின்கட்டில் நின்றபடி கூழைக் குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே முறத்தில் செத்துப்போன குஞ்சுகள் கிடந்தன. வெள்ளை லெக்கான் சாதிச் சீமைக் கோழிக் குஞ்சுகள். மஞ்சள் தூவி உதிர்ந்து இப்போதுதான் இறக்கை முளைக்க ஆரம்பித்திருந்தது. ஒவ்வொன்றும் அலகைத் திறந்து வைத்துக்கொண்டே செத்திருந்தது.

"இன்னைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணி காந்தா வந்தாள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

"ஆமா, இன்னைக்கும்தான். உன் ஊட்டுக்காரரு பாத்து சந்தோசப்பட்டுட்டுத்தான் போனாரு" என்றாள் தில்லையம்மாள்.

காந்தா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பேச மூச்சு இல்லை.

அந்தக் குஞ்சுகள் தில்லையம்மாளுக்கு வெறும் குஞ்சுகள் இல்லை. அந்த வீட்டை விட்டு வெளியேறும் வழியே அவைதான். பெரிய காஞ்சிபுரத்தில் அண்ணன் வீரபாகுவின் வீட்டுக்கு அவள் திரும்பி வந்து நாலு வருஷம் ஆயிற்று. வந்த மறுநாளே தறியில் உட்கார்த்தி வைத்துவிட்டான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. நெய்கிறவன் நடுவில் உட்கார்ந்து, ஊடிழை ஏந்திய நாடாவைக் குறுக்கே வீசுவான். கரைப் பக்கம் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கி, உடல் இழையோடு பின்னித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு கை சேர்ந்தால்தான் கரை உடலோடு ஒட்டும். வெளியிலிருந்து ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். தங்கைக்கு என்ன கூலி? சோறு போடுகிறானே, போதாதா?

அப்படித்தான் வீரபாகு சொல்வான். நாலு பேர் முன்னால் சொல்வான். "என் தங்கச்சிய நான் ராணி மாதிரி வச்சிக்கினு இருக்கேன்பா" என்பான். ராணி காலையில் தறியில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் இடுப்பை நிமிர்த்துவாள்.

தாமலிலிருந்து முட்டைக் கூடையோடு தெருவுக்கு வருகிற ஜெயம்மாள்தான் இந்த வழியைக் காட்டினாள். ஏரிக்கரையில் அவளுக்கு நிலம் இருந்தது. மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கம் தட்டி கட்டி சீமைக் கோழி வளர்த்தாள். மில்லில் வேலை செய்கிறவர்களும் ஆபீஸ்காரர்களும் வெள்ளை முட்டை எவ்வளவு கொண்டுவந்தாலும் வாங்கிக்கொண்டார்கள். "எனக்குப் பத்தல. நீயும் வளத்தீன்னா சேந்தே குடுக்கலாம்" என்றாள் ஜெயம்மாள். தில்லையம்மாள் அன்றைக்கே காலில் கிடந்த மெட்டியைக் கழற்றினாள். போட்டவன் போய்விட்டான், மெட்டி மட்டும் எதற்கு? அதை விற்றுத்தான் குஞ்சு வாங்கினாள். முட்டை வர ஆரம்பித்தால் ஜெயம்மாள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று மனதுக்குள் வாசலுக்குக் கோலம்கூடப் போட்டு வைத்திருந்தாள்.

குஞ்சுகளுக்குக் கிடைத்த இடம் தறி அறையை ஒட்டின பின் அறை. காந்தா அங்கே உட்கார்ந்துதான் நாடாவுக்கு வேண்டிய இழையை ராட்டையில் தாராகச் சுற்றுவாள். அந்த அறையில் ஒரு மூலையைத் தடுத்து, நெல் உமியைக் கனமாகப் பரப்பி, சூட்டுக்கு ஒரு அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டாள்.

"உமி காஞ்சே இருக்கணும், தில்லம்மா" என்று ஜெயம்மாள் சொல்லியிருந்தாள். "தெனமும் ஒரு வாட்டி கையால கிளறி வுடு. ஜன்னல தொறந்து வையி. காத்து குஞ்சு மேல நேரா அடிக்கக்கூடாது, ஆனா ரூமுக்குள்ள காத்து வந்து போயிக்கினே இருக்கணும்."

முதல் நாள் கிளறினாள். தறியில் நீளமாகக் கட்டிய பட்டு இழைப் பாவின் பின்னாலிருந்தே வீரபாகு கத்தினான்.

"இன்னா பண்ற அங்க? உமித் தூசி பூரா பாவுல வந்து உக்காருது. பட்டுமா இது. கோணி இல்ல."

சரி என்று கிளறுவதை விட்டாள். அப்புறம் ஜன்னல். பங்குனி முடிந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வெயில் காற்று பட்டால் பட்டு இழை வறண்டு பட்பட்டென்று அறும். நெசவு வீடுகளில் அந்த மாதங்களில் ஜன்னலைத் திறக்கிற வழக்கமே கிடையாது. நெசவாளி கால் விட்டு உட்காருகிற தறிக்குழியைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பார்கள். வாசற்படியிலும் ஜன்னலிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார்கள். காய்ந்துபோனால் மறுபடி நனைப்பார்கள். அறைக்குள் போனால் மழைக்கால வாசனை அடிக்கும். பாவு சுகமாக இருக்கும்.

இதில் அண்ணன் ஒருத்தனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வெயில் ஏற ஏறக் குஞ்சுகள் வாடுவதைப் பார்த்து, பின் அறை வாசலில் ஈரச் சாக்கைக் கட்டியது தில்லையம்மாள்தான். பிறந்ததிலிருந்து அவள் பார்த்தது பட்டை. வாடுகிற பொருளுக்கு என்ன செய்ய வேண்டும்? மூடு, நனை, காற்றுப் படாமல் பார். பாவுக்குச் செய்கிறதையெல்லாம் குஞ்சுக்கும் ஆசை ஆசையாகச் செய்தாள்.

அப்புறம்தான் அந்த மூச்சு ஆரம்பித்தது.

முதலில் ஒரு குஞ்சு மூலையில் ஒதுங்கி நின்றது. தீவனத்தைத் தொடவில்லை, தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் கழுத்தை மேலே நீட்டி, அலகை அகலத் திறந்து மூச்சை இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. சத்தமே இல்லை. சளி பிடித்தால் கறகறவென்று கேட்க வேண்டுமே, ஒன்றும் கேட்கவில்லை. கத்துகிற மாதிரி வாய் திறந்திருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாள் அப்படி நாலைந்து நின்றன.

"குளிர் கண்டிருக்குது" என்றாள் எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மாள். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி காட்டுவதில்லையா, அப்படிக் காட்டு என்றாள். தில்லையம்மாள் ஜன்னல் இடுக்கில் துணியை அடைத்து, தணலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டாள். புகை கட்டி நின்றது. குஞ்சுகளோடு சேர்ந்து ராட்டையில் இருந்த காந்தாவும் மூச்சுக்கு இழுத்தாள். "கொஞ்சம் தொறயேன்டி" என்று கேட்டதற்கு, "ஒரு நாழி பொறுத்துக்கோ அண்ணி, உயிரு போவுது இங்க" என்றாள் தில்லையம்மாள். காந்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தார் சுற்றினாள்.

அடுத்த நாள் முறம் நிறைந்தது. வீரபாகு பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான்.

"தறி இருக்கிற ஊட்டுல கோழிக்கு இடம் குடுத்ததே தப்பு. அதுல வாழாவெட்டி கை வேற பட்டா எதுதான் வெளங்கும்" என்று சொல்லித் துப்பிவிட்டு, "சீக்கிரம் வா. முகூர்த்தப் பொடவை, முந்தானை ஆரம்பிக்கணும்" என்று போனான்.

வாழாவெட்டி. நாலு வருஷமாக அவனுக்கு நாடா வாங்கிக் கொடுத்த கை. அந்தக் கை பட்ட புடவை கட்டித்தானே ஊரில் பாதிப் பெண்கள் மணையில் உட்காருகிறார்கள், அப்போது மட்டும் விளங்குகிறதா? அதற்குத்தான் அவளுக்கு அன்றைக்கு அப்படிப் பசித்தது. கூழைக் குடித்துவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தாள். செத்த குஞ்சுகளில் இரண்டையும், மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்த ஒன்றையும் கூடையில் போட்டு மேலே துணியைக் கட்டினாள். தறிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் தணிகாசலம் ஒரு எருமைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். சிடுமூஞ்சி மனிதர். கூடையைப் பார்த்ததும், "கழிச்சலா? கழுத்து திருகிக்குதா?" என்றார்.

"இல்லீங்க. மூச்சுதான். வாயத் தொறந்து தொறந்து இழுக்குது. சத்தமே இல்ல."

அவர் உயிரோடிருந்த குஞ்சைக் காதருகே பிடித்துக் கேட்டார். அப்புறம் செத்த குஞ்சு ஒன்றைப் பலகையில் மல்லாத்திக் கத்தரியால் நெஞ்சைப் பிளந்தார். தில்லையம்மாள் முகத்தைத் திருப்பவில்லை. சிவப்பாக இருக்க வேண்டிய நுரையீரல் முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகக் கடுகு கடுகாக ஒட்டியிருந்தது. இரண்டாவது குஞ்சிலும் அதேதான்.

"பூஞ்சை" என்றார் டாக்டர். "கீழ இன்னா போட்டிருக்க?"

"உமிங்க. காஞ்ச உமி."

"மேல காஞ்சிருக்கும். அடியில பாத்தியா? ஈரம் பட்ட உமியில பூஞ்சை புடிக்கும். அந்தப் பொடி கண்ணுக்குத் தெரியாம காத்துல கலந்துக்கும். குஞ்சு மூச்சு இழுக்கறப்ப உள்ள போயி அங்கயே மொளைக்குது. ஜன்னல் இருக்குதா?"

"மூடி வச்சிருக்கோம். பட்டு நெய்யிற எடம்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"புடிச்சதுக்கு மருந்து கெடையாதும்மா. உமிய மொத்தமா வாரி வெளிய கொளுத்து. தரையக் கழுவி நல்லாக் காய வுடு. காத்து வர்ற எடத்துக்கு மாத்து. தேறுறது தேறும்." கத்தரியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்த ரூமுல மனுசங்க யாராவது இருக்கீங்களா?"

"எங்க அண்ணி. தார் சுத்துவாங்க."

"இருமல் கிருமல் உண்டா?"

"அது இருக்குதுங்க, ரொம்ப நாளா" என்றாள் தில்லையம்மாள், கூடையை எடுத்துக்கொண்டே. எதற்குக் கேட்கிறார் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அவள் நினைப்பெல்லாம் உமி மேல் இருந்தது.

"மனுசங்களுக்கு வைத்தியம் பண்ற டாக்டர் நான் இல்ல" என்று பின்னாலிருந்து அவர் சொன்னார். "பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் பின் அறைக்குப் போய், குஞ்சுகளைக் கூடையில் வாரிப்போட்டுவிட்டு, உமிக்குள் கையை விட்டாள். மேலே விரற்கடை அளவுக்கு உலர்ந்திருந்தது. அதன் கீழே உமி அடை அடையாகக் கட்டி, வெதுவெதுவென்று சூடேறிக் கிடந்தது. ஒரு அடையைப் பெயர்த்துத் திருப்பினாள். பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது. ஊதினால் புகை மாதிரி பறந்தது. சுவரோரம் தரை சொதசொதவென்று இருந்தது. தறி அறையில் தெளிக்கிற தண்ணீர் சுவரடி வழியாகக் கசிந்து இந்தப் பள்ளமான அறைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு நாள் கிளறியிருந்தால் தெரிந்திருக்கும். கிளற விட்டானா?

அந்த அடையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு தறி அறைக்குப் போனாள்.

"எங்கடி போன?" என்றான் வீரபாகு. "அரை நாளு தறி சும்மா நிக்குது."

"இத பாரு."

"இன்னா அது? தூர வையி, பட்டு மேல படப்போவுது."

"பட்டு மேல படக்கூடாது. நெஞ்சுக்குள்ள போனா பரவால்லயா? கிளறாத, தூசின்ன. ஜன்னல தொறக்காத, இழை அறும்ன. உன் தண்ணி எல்லாம் அங்க எறங்கி, பூஞ்சை புடிச்சி, அதுங்க மூச்சுல போயி அடைச்சிருக்குது. டாக்டரு அறுத்துக் காட்டினாரு. என் கையி பட்டு சாவல, அண்ணா. உன் ஈரம் பட்டு செத்துச்சி."

"சாக்கு கட்டுனது யாரு? நானா?" என்றான் அவன்.

அவளுக்குச் சுருக்கென்றது. "நான்தான் கட்டுனேன்" என்றாள். "இந்த ஊட்டுல பொறந்தவதானே, எனக்கும் பட்டுக்கு ஒடம்பு சொகமில்லன்னா மட்டும்தான் தெரியுது. அந்தப் புத்திய இன்னியோட உட்டேன். முன்கட்டு காஞ்சிருக்குது, காத்தும் வருது. மிச்சக் குஞ்சுங்க அங்கதான் இருக்கும். பின்னால ஜன்னலையும் தொறக்கப் போறேன்."

"தொற, பாக்கறேன். அந்தக் காத்து நேரா இங்க வரும். கடைக்காரரு குடுத்த பாவு இது, உன் கோழிக் குப்பை இல்ல. ரெண்டு குஞ்சு போனா போவுது. பேசாம வந்து உக்காரு."

"உக்கார மாட்டேன்."

வீரபாகு சிரித்தான். அவள் எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறாள், கூழைக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். தில்லையம்மாள் ஜன்னலோரம் போய் நின்று கையைக் கட்டிக்கொண்டாள். அவன் சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. தானே நாடாவை ஒரு பக்கம் வீசினான். கரைப் பக்கம் வாங்க ஆள் இல்லை. எழுந்து அந்தப் பக்கம் போய் வாங்கிப் பின்னிவிட்டு, மறுபடி குழியில் இறங்கி மிதித்தான். கரை இழுத்துக்கொண்டு கோணிற்று. பச்சைக் கரைக்கும் அரக்கு உடலுக்கும் நடுவில் பல்லிடுக்கு மாதிரி சந்து விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இழையைப் பிரித்தான்.

"காந்தா" என்று கூப்பிட்டான். "வந்து கோர்வை போடு. இவளுக்குத் திமிரு ஏறிப் போச்சி."

காந்தா ராட்டையை விட்டு எழுந்து வந்தாள். அவள் மாட்டேன் என்று சொல்லிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. தில்லையம்மாளைப் பார்க்காமல் தாண்டிப் போய்க் கரைப் பக்கம் உட்கார்ந்தாள். போ, போ, நீயும் அவன் பக்கம்தானே என்று தில்லையம்மாளுக்கு வயிறு காந்தியது. சட்டியைக் கவிழ்த்து வைத்தது ஞாபகம் வந்தது. பானையில் இன்னும் கூழ் இருந்தது.

வீரபாகு நாடாவை வீசினான். காந்தா வாங்கினாள், பின்னினாள், கொடுத்தாள். இரண்டாவது முறை வாங்கும்போது இருமல் வந்தது. நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டே இருமினாள். நிற்கும் என்று அவன் காத்திருந்தான். நிற்கவில்லை. இருமல் ஓய்ந்த பிறகு மூச்சு திரும்பவில்லை. காந்தா கழுத்தை நீட்டினாள். வாய் திறந்திருந்தது. தோள் ஏறி இறங்கியது. சத்தமே வரவில்லை.

தில்லையம்மாள் கட்டிய கையை விட்டாள். இந்த மூச்சை அவள் காலையில்தான் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

"ஆச்சா? வாங்கு" என்றான் வீரபாகு.

காந்தா நாடாவைப் பாவின் மேல் வைத்தாள். சுவரைப் பிடித்து எழுந்து, பின் அறை ஜன்னலுக்குப் போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். ஈரத்தில் ஊறிப்போன மரம், அசையவில்லை. அடுப்பங்கரைக்குப் போய் அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு இடி, இரண்டு இடி. தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. ஜன்னல் கதவு திறந்ததும் கொல்லைப் புழுதியும் வெயிலும் சூட்டுக் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. அறை வாசலில் தொங்கிய ஈரச் சாக்கை அவள் பிடித்து இழுத்துக் கீழே போட்டாள். காற்று தறி வரைக்கும் போயிற்று.

"இன்னாடி பண்ற?" என்று குழிக்குள்ளிருந்து எழுந்தான் வீரபாகு. "பாவு போச்சி."

காந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவள் சத்தம் போடவில்லை. குரலும் அவ்வளவுதான் இருந்தது.

"கோழிக் குஞ்சுக்கு மூச்சு முட்டுதுன்னு உன் தங்கச்சி கூடையத் தூக்கிக்கினு ஓடினா. நல்லதுதான். உசிருதானே அதுவும். நான் இதே ரூமுல எட்டு வருசமா மூச்சு முட்டிக்கினு உக்காந்திருக்கேன். உனக்கு இழை அறுந்தா தெரியுது. அவளுக்குக் குஞ்சு செத்தா தெரியுது. எனக்கு யாருப்பா ஓடினீங்க?"

வீரபாகு தில்லையம்மாளைப் பார்த்தான். எப்போதும் சுடச்சுடப் பதில் வைத்திருக்கிறவள், இதற்கும் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தான் போலிருக்கிறது. டாக்டர் கேட்டது இப்போதுதான் அவள் காதில் விழுந்தது. அது இருக்குதுங்க, ரொம்ப நாளா. வீட்டுக்கு வாசற்படி இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். புகைக்குள்ளே ஒரு நாழி பொறுத்துக்கோ என்று சொன்னவளும் அவள்தான். கோபம் வந்தது. அண்ணன் மேல் இருந்ததைவிட அதிகமாகத் தன் மேலேயே வந்தது. ஆனால் பசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கோபத்தில் அவளுக்குப் பசிக்கவில்லை.

குஞ்சுக் கூடையை எடுத்துப்போய் முன்கட்டில் வெயில் விழாத இடமாகப் பார்த்து வைத்தாள். மிச்சம் இருந்தவற்றில் சில கீச்கீச்சென்றன. திரும்பி வந்து காந்தாவின் கையைப் பிடித்தாள்.

"பொடவைய மாத்திக்கினு வா, அண்ணி. பெரிய ஆஸ்பத்திரி மூடறதுக்குள்ள போயிடலாம்."

"என்னாலே நடக்க முடியாது, தில்ல."

"நடக்க வேணாம். ரிக்‌ஷா புடிக்கிறேன்."

இருவரும் தறி அறையைத் தாண்டி வாசலுக்கு வந்தார்கள். உள்ளே ஒரு இழை அறுகிற சத்தம் கேட்டது, அப்புறம் இன்னொன்று. வீரபாகு இரண்டு கையாலும் பாவை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எல்லாரும் போயிட்டா கோர்வை யாரு போடறது?" என்று அவன் கேட்டான்.

தில்லையம்மாள் படியில் நின்று திரும்பினாள்.

"ஜன்னல் தொறந்திருந்தா வந்து பேசறேன்" என்றாள். "மூடியிருந்தா நீயே போட்டுக்கோ."